மீதி மருந்து

மூத்த நர்ஸ் நெருப்பக்கா வார்டுக்குள் நுழைந்தால், நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டிலிலிருந்து தானாக எழுந்து நிற்பார்கள். நோயாளியின் கட்டிலில் மற்றவர்கள் உட்காரக் கூடாது என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். பெரிய டாக்டர் கை கழுவாமல் காயக்கட்டைப் பிரிக்கப் போனால், "டாக்டர், குழாய் அந்தப் பக்கம் இருக்கு" என்பாள். அவரும் வாயைத் திறக்காமல் குழாயடிக்குப் போவார். குணமாகிக் கிளம்புகிறவர்கள் ஆசையாய் எதையாவது கையில் திணித்தால், "எனக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்களே, இதை நீங்க சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவ்வளவு சுத்தமான கை. 'அவ நெருப்புப்பா' என்று யாரோ சொல்ல, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏன் பிடிக்காது? வீட்டுக்கு மூத்தவள், தங்கைகளை எல்லாம் படிக்கவைத்துக் கரையேற்றியவள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவரிடம்கூட, தலை வலிக்கிறது என்று ஒரு மாத்திரை வாங்கிவரச் சொன்னதில்லை. 'என்னால யாருக்கும் தொந்தரவு இல்ல, என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.' தன்னைப் பற்றி மனதுக்குள் அவள் மாட்டிவைத்திருந்த படம் இதுதான். தினமும் தூசி தட்டி, கோணாமல் நேராக்கி வைத்திருந்தாள்.

அந்தப் படம்தான் அவளை விழுங்கப் பார்த்தது.

வார்டில் பூட்டிய அலமாரி ஒன்று உண்டு. வலி தாங்க முடியாதவர்களுக்குப் போடும் மார்ஃபின் அதில்தான் இருக்கும். குப்பியில் இருப்பது முழுவதும் எல்லோருக்கும் தேவைப்படாது. மெலிந்த உடம்பு, தளர்ந்த உடம்பு என்றால் பாதி போதும். மீதியை எடுத்துவைக்கக் கூடாது, இன்னொருவருக்குப் போடவும் கூடாது. கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். அதையும் தனியாக ஊற்றக் கூடாது. இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். விதி இவ்வளவுதான், பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் விதியின் தலைமேல் மரியாதை என்று ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. அனுபவசாலி ஒருத்தி ஊற்றும்போது, அவள் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது அவமானப்படுத்துவது மாதிரி என்று அந்த வார்டில் ஒரு நினைப்பு. அதனால் சாட்சிக்கு வந்தவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை, ஆனாலும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அதிலும் வாயாடி என்று பேர் வாங்கிய இளைய நர்ஸ் இருக்கிறாளே, அவள் வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வருவாள். "உங்களைப் போய் நான் பாக்கணுமாக்கா? எனக்கென்ன பைத்தியமா?" என்பாள். அக்காவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

ஒரு நாள், கட்டிலிலிருந்து நழுவிய கனத்த ஆள் ஒருவரைத் தனியாளாகப் பிடித்துத் தூக்கியதில் அக்காவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் நடக்க முடியவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்திருக்கலாம். அவளா படுப்பாள்? "நான் படுத்தா வார்டே படுத்துடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் சிரிப்பு, முதுகெல்லாம் வியர்வை. அப்படி ஒரு நாள் தொட்டியடியில் மீதி மருந்தோடு நிற்கிறாள், வாயாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஊற்றியது வெறும் குழாய்த் தண்ணீர். மருந்து கோட்டுப் பைக்குள் போனது.

'ஐயோ பாவம், வலியில செஞ்சிட்டா' என்று உச்சுக்கொட்ட வேண்டாம். அவளே அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். வலி கொஞ்ச நாளில் குறைந்துவிட்டது, கை நிற்கவில்லை. அந்த மருந்து இடுப்பை மட்டும் தடவிக் கொடுக்கவில்லை. எப்போதும் விறைப்பாக நிற்க வேண்டும், யாரிடமும் முடியவில்லை என்று சொல்லக் கூடாது என்கிற அந்தப் பெரிய சுமையையும் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தது. சுமை இறங்கிய தோளுக்கு, திரும்ப ஏற்றினால் இரண்டு மடங்கு கனக்கும். திரும்பவும் இறக்கச் சொல்லும்.

அவள் என்ன, விவரம் தெரியாதவளா? போதைக்கு அடிமையானவர்களை அவசரச் சிகிச்சைப் பிரிவு வாசலில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! அழுக்குச் சட்டை, நடுங்கும் கை, ஓலமிடும் மனைவி. உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பாள். கஞ்சி போட்ட கோட்டில் ஒரு சுருக்கமில்லை. வாரிய தலையில் ஒரு முடி பிசகவில்லை. 'இதுவா அடிமை? போடி!' என்று தன்னையே அதட்டிக்கொள்வாள். கண்ணாடியும் அவளுக்காக வக்காலத்து வாங்கியது. அதோடு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள்: நோயாளிக்கு உரியதைத் தொடுவதில்லை. 'சாக்கடைக்குப் போறதைத்தானே எடுக்குறேன். யார் வயித்துல அடிச்சேன்?'

அந்தச் சட்டமும் ஒரு நாள் பல்லிளித்தது.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு தச்சர் படுத்திருந்தார். காய்ப்பு ஏறிய உள்ளங்கை, வாழ்நாளில் ஊசியே போட்டுக்கொள்ளாத உடம்பு. அன்றைக்கு மீதி மருந்து எதுவும் கிடைக்கவில்லை. மருந்து இல்லாமல் காலையிலிருந்தே அவளுக்கு உடம்பு முறுக்கியது. மூக்கில் நீர் வடிந்தது. தச்சருக்கு எழுதியிருந்ததில் பாதியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, குறைந்ததற்குச் சலைன் தண்ணீரைக் கலந்து அவருக்குப் போட்டாள். அரைமணி கழித்து அவர் கட்டில் பக்கம் வந்தபோது மனிதர் போர்வையை வாயில் கவ்விக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வலி நிக்கலையா?" என்றாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் தச்சர். "உங்க கையால ஊசி போட்டா எந்த வலியும் நிக்கும்னு பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரு. எனக்கு மட்டும் நிக்கல. என் உடம்புதான் சரியில்ல போல. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

பாருங்கள் அந்த மனிதரை! நெருப்பைச் சந்தேகப்பட மனம் வராமல், தன் உடம்பின்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, அவளிடமே மன்னிப்பும் கேட்கிறார்.

பைக்குள் மருந்து இருந்தது. உடம்பு அதைக் கேட்டு அலறியது. இங்கேதான் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. முதலில் வாயாடியைக் கூப்பிட்டு, "ஆறாவது கட்டிலுக்குச் சரியா மருந்து போகல. டாக்டரைக் கூப்பிட்டு உடனே கேட்டுப் போடு. நீ போடு, நான் இல்ல" என்றாள். தச்சரின் முகம் தளர்ந்து அவர் கண்ணை மூடும்வரை தள்ளி நின்று பார்த்தாள். பிறகு நேராகத் தலைமை நர்ஸான மேட்ரனின் அறைக்கு நடந்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, பிடித்திருக்கவும் மாட்டார்கள். தானாகத்தான் போனாள்.

மேட்ரன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"நான் மார்ஃபின் திருடுறேன்மா. ரொம்ப நாளா. நானே போட்டுக்குறேன்."

மேட்ரன் சிரித்துவிட்டார். "உனக்கு வேலை அதிகமாயிடுச்சு. போ, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"விளையாடலம்மா. நிஜமாத்தான் சொல்றேன்."

மேட்ரனின் சிரிப்பு நின்றது. ஆனால் அவர் முகத்தில் வந்தது சந்தேகமில்லை, கரிசனம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரைக் காப்பாத்தப் பாக்குற? அந்த வாயாடியையா? எனக்கு முன்னாடியே அவ மேல ஒரு கண்ணு. அவளுக்காக நீ பழியை ஏத்துக்காதே. உன் குணம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

அடடா, இதை என்னவென்று சொல்வது! அவள் அப்போது ஒன்றும் சொல்லாமல் சும்மா நின்றிருந்தாலே போதும். பெயரும் தப்பியிருக்கும், வேலையும் தப்பியிருக்கும். பழி வாயாடியின் தலையில் விடிந்திருக்கும். அத்தனை வருடமாய்ப் பாடுபட்டுத் துடைத்து வைத்த படம், பொய் சொல்லக்கூடத் தேவையில்லாத அளவுக்கு அவளைக் காப்பாற்றக் காத்திருந்தது. நெருப்பக்கா கோட்டின் கையை மடித்தாள். முழங்கைக்கு மேலே வரைக்கும் மடித்து, ஊசி குத்திய தழும்புகளோடு கையை மேசைமேல் வைத்தாள். பையிலிருந்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

மேட்ரன் நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை நடந்தது. சிகிச்சை எடுத்து முடித்து, மருந்தில்லாமல் இருக்கிறாள் என்று தொடர்ந்து பரிசோதனையில் தெரிந்தால் திரும்ப யோசிப்போம்; ஒருமுறை தவறினாலும் நர்ஸ் வேலை வாழ்நாளுக்கும் கிடையாது என்றார்கள். அவளுக்கு அந்த வேலை சம்பளம் மட்டுமில்லை. அது இல்லாவிட்டால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது.

போதை மீட்பு இல்லத்துக்குக் கணவர்தான் வேனில் கொண்டுபோய் விட்டார். வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"ஏதோ இருக்குன்னு தெரியும். குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு நீ நிக்கிற நேரம் தெரியும். கேட்டா நீ ஒடஞ்சிடுவியோன்னு பயந்துட்டேன். உன்னைப் போய் எப்படிக் கேக்குறது?" ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவர்தான்.

அந்த இல்லத்தில் முதலில் உடம்பு அவளைப் பந்தாடியது. வாந்தி, நடுக்கம், எலும்புக்குள் யாரோ புகுந்து திருகுவது மாதிரி வலி. அது கொஞ்சம் அடங்கியதும் நம் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து மற்றவர்களின் படுக்கை விரிப்பை இழுத்துச் செருகத் தொடங்கிவிட்டாள்! இவர் தண்ணீர் குடித்தாரா, அந்தப் பெண் தூங்கினாளா என்று வார்டு சுற்றுகிற மாதிரி ஒரே அதிகாரம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் இடத்திலும் கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு லாரி டிரைவர் இருந்தார். தூக்கம் வராமலிருக்க மாத்திரை, பிறகு தூக்கம் வர மாத்திரை என்று மாட்டிக்கொண்டவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். நீங்க இங்க டூட்டியா, அட்மிஷனா?"

வட்டமே வெடித்துச் சிரித்தது. அவளுக்கு வந்ததே கோபம்! எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக்கூட வரவில்லை. மறுநாள் காலை வட்டத்தில் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, "அட்மிஷன்" என்றாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். நான் மகாபாவி, நாயைவிடக் கேவலம், என்னைப் போல ஒருத்தி பூமியிலேயே இல்லை என்று ஒரே புலம்பல். அதற்கும் டிரைவர்தான் சரியான ஆள்.

"ஒண்ணு உங்களை மாதிரி நல்லவ இல்ல, இல்லாட்டி உங்களை மாதிரி கெட்டவ இல்ல. நடுவுல எங்களை மாதிரி சாதாரணமா ஒரு ஆளா இருக்க உங்களுக்கு மனசே வராதா சிஸ்டர்? நானும் அப்படித்தான். தெருவுல விழுந்து கிடக்குறவன்தான் அடிமை, நான் ஸ்டியரிங் புடிக்கிற சிங்கம்னு நெனச்சேன். லாரியைக் கொண்டுபோய் ஒரு வீட்டுச் சுவத்துல விட்டப்புறம்தான் தெரிஞ்சுது, நான் வெறும் தூக்கம் வந்த மனுஷன்னு."

அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, யாருக்காகவும் இல்லாமல் தானாக வந்த சிரிப்பு அது.

வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தச்சரின் வீட்டைத் தேடிப் போனாள். வாசலில் நின்றபடியே நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போயிருந்தாள். தச்சர் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப என் உடம்பு மேல தப்பில்லையா?" என்றார்.

"இல்லங்க. தப்பு முழுக்க என்னுது."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உள்ள வந்து என் பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்லுங்க. அன்னிக்கு நான் போர்வையைக் கடிச்சுக்கிட்டு அழுதேன்னு இன்னிக்கு வரைக்கும் கேலி பண்றா. நான் சும்மா அழலன்னு அவளுக்குத் தெரியணும்."

உள்ளே போய் அந்த அம்மாளிடமும் சொன்னாள். அந்த அம்மாள் காறித் துப்பாத குறையாகத் திட்டினாள். அக்கா நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள். வெளியே வரும்போது தச்சர், "பாத்துப் போங்க, படி ஆடும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்ப வேலைக்கு எடுத்தபோது முதலில் துணிக்கிடங்கில் போட்டார்கள், விரிப்பு மடிக்க. பிறகு கருவிகளைக் கொதிக்கவைக்கும் அறை. அதற்குப் பிறகுதான் பழைய வார்டு, அதுவும் நிபந்தனையோடு: மருந்து அலமாரியின் சாவியைத் தொடக் கூடாது, வலி மருந்து போடக் கூடாது, மற்றவர் ஊற்றும்போது சாட்சியாகவும் நிற்கக் கூடாது. வார்டின் பாதி அதிகாரம் வைத்திருந்தவள், ஒவ்வொரு வலி ஊசிக்கும் நேற்று வந்த பெண்களைக் கூப்பிட வேண்டும்.

வேறொருத்தியாயிருந்தால் நாணிக் கோணி, முதுகு வலி, கண் தெரியவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள். இவள் முதல் நாளே, வேலை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது, "புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன். நான் இங்க மார்ஃபின் திருடினவ. இப்ப எடுக்குறதில்ல. ஆனா சாவியை மறந்தும் என் கையில குடுத்துடாதீங்க" என்றாள். முதுகுக்குப் பின்னால் வம்பு பேசக் காத்திருந்தவர்களுக்குப் பிழைப்பே போய்விட்டது. எல்லாவற்றையும் அவளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் அவர்கள் பாவம், என்னதான் பேசுவார்கள்? ஒருத்தி மட்டும் தயங்கி, "இன்னமும் உங்களை நெருப்பக்கான்னே கூப்பிடலாமா?" என்று கேட்டாள். "தாராளமா கூப்பிடு. அடுப்பு எரியும்போது பக்கத்துல ஒரு ஆள் நிக்கணுமா இல்லையா? அது மாதிரி என் பக்கத்துலயும் நில்லு" என்றாள் அக்கா.

பரிசோதனைகள் எல்லாவற்றிலும் தேறினாள். ஒரு நாள் காலை மேட்ரன் சாவியைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "விதிப்படி," என்றார்.

அன்றைக்கே வேலை வந்தது. மெலிந்த பெண் ஒருத்திக்குப் பாதிக் குப்பி. மருந்தை அளந்து போட்டாள். அந்தப் பெண்ணின் நெற்றிச் சுருக்கம் விரியும்வரை பக்கத்தில் நின்றாள். மீதி கையில் இருந்தது. தொட்டியடிக்குப் போய், "சாட்சிக்கு வா" என்று வாயாடியைக் கூப்பிட்டாள்.

வாயாடி ஓடி வந்தாள். வந்தவள் கண் கலங்க அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மெல்ல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பழைய மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிறாளாம்! வார்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை அன்பு, எத்தனை பெரிய ஆபத்து!

அக்காவின் கண் மீதி மருந்தின்மேல் போனது. உடம்பு எதையும் மறக்கவில்லை. அதற்கு இன்னும் வழி தெரியும். ஒரு கண்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும், நெருப்பு திரும்ப வந்துவிட்டாள் என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்.

"திரும்புடி," என்றாள்.

"நான் உங்களை நம்புறேன்க்கா."

"நம்பாதே. பாரு." என்றாள் அக்கா. "எனக்கு இப்பவும் ஆசையா இருக்கு. தெரியுதா? இந்த நிமிஷம் ஆசையா இருக்கு. என் கையைப் பாரு."

வாயாடி ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்தாள். திரும்பினாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கையையே பார்த்தாள். மருந்து கடைசிச் சொட்டுவரை தொட்டியில் விழுந்தது.

"என்ன பாத்த?"

"நீங்க ஊத்தினதைப் பாத்தேன்." விம்மலோடு சேர்த்துச் சொன்னாள்: "அன்னிக்கே பாத்திருக்கணும்க்கா. நான் அன்னிக்கே திரும்பிப் பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே."

"அன்னிக்கு நீ பாத்திருந்தா உன் கன்னத்துலயே ஒண்ணு வெச்சிருப்பேன். யாரைப் பாத்து சந்தேகப்படுறன்னு உன்னை வார்டை விட்டே தொரத்தியிருப்பேன். போ, மூஞ்சியைக் கழுவிட்டு வா, நோயாளிங்க பயந்துக்கப் போறாங்க."

மத்தியானம் வாயாடி தன் நோயாளி ஒருவருக்கு மருந்து போட்டுவிட்டு, மீதியோடு தொட்டியடியில் வந்து நின்றாள். அங்கே இரண்டு மூன்று பேர் சும்மாதான் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, கோடியில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "அக்கா, சாட்சிக்கு வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவள் கேட்காத மாதிரி மடித்துக்கொண்டே இருந்தாள். திரும்பவும் கூப்பிட்டதும், "வேற யாராவது இருப்பாங்க, பாரு" என்றாள்.

"உங்களைத்தான் கூப்பிடுறேன். இந்த வார்டுல பாக்கத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

திருடியவளைக் காவலுக்குக் கூப்பிடுகிறாள்! அக்கா வாசலில் நின்ற மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் தலையசைத்தார். மடித்த விரிப்பைக் கீழே வைத்து, கோட்டை நீவிவிட்டுக்கொண்டு வந்தாள். வாயாடியின் தோளோடு தோள் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்று, கண்ணைச் சிமிட்டாமல் அவள் கையையே பார்த்தாள். கடைசிச் சொட்டு விழுந்து, வாயாடி குழாயைத் திறந்து தொட்டியை அலசி முடிக்கும்வரை பார்த்தாள்.

"பாத்தேன்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.